காலண்டர் பார்க்காத சைக்கிள்காரன்

புது உடுப்பு போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிறவன் கண்ணாடியைப் பார்க்கிறான். அது போதாது. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் கண்ணாடியைப் பார்த்த கையோடு காலண்டரையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்தேன், அதுவும் தேவைக்கு மேல் பார்த்தேன். அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாண வயது கொஞ்சம் தாண்டிக்கொண்டிருந்தது. ('கொஞ்சம்' என்பது என் கணக்கு. அக்கா கணக்கு வேறு.) ஹார்பர் பக்கம் ஒரு ஆபீஸில், கப்பலேறும் சரக்குகளுக்குக் காகிதம் தயாரிக்கிற வேலை. வீடு மில்லர்புரத்தில். தெருமுனைக் கடைக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் ஸ்கூட்டரில்தான் போவேன். ஸ்கூட்டரைத் திருப்புகிற நேரத்தில் நடந்தே போய்விட்டு வந்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். சைக்கிளுக்கும் எனக்கும் இருந்த உறவு எட்டாம் வகுப்போடு முடிந்திருந்தது. அதற்காக இரண்டு பேருமே வருத்தப்பட்டதில்லை.

எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை மெர்சி அக்கா எடுத்திருந்தாள். வீரபாண்டியன்பட்டணத்தில் ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் ரோஸ்லின், திருச்செந்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா பல வருஷம் கப்பலில் ஓடிவிட்டுக் கரைக்கு வந்தவர். அவர் போனில் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாராம். மகள் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில்தான் போவாளாம், எவ்வளவு சொல்லியும் விட மாட்டேன் என்கிறாளாம், மாப்பிள்ளை வீட்டில் அதை ஒரு குறையாக நினைத்துவிடக் கூடாதாம்.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குறையா? எங்க தம்பியும் சைக்கிள்தான். தினமும் ஹார்பருக்கு சைக்கிள்லதான் போவான். மழை வெயிலு பாக்க மாட்டான்" என்றாள். நான் எதிரில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போனை வைத்த பிறகு, "ஏங்க்கா இப்படிப் பொய் சொல்லுத?" என்று கேட்டேன்.

"எது பொய்? எட்டாங் கிளாஸ் வரைக்கும் நீ ஓட்டுனேல்லா. அதத்தான் இப்பம் சொன்னேன். ஒனக்கு வாற வரனையெல்லாம் ஒங்க ஆபீஸ் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டு உக்காந்திருக்கப் போறியாலே?"

அக்காவோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

இரண்டு நாள் கழித்து ரோஸ்லினே போனில் பேசினாள். நேரடியாக விஷயத்துக்கு வந்தாள்.

"நீங்க தினமும் சைக்கிள்லதான் போவீங்கன்னு அக்கா சொன்னாங்களாமே."

"ம்" என்றேன். (அந்த 'ம்' பொய்யில் சேராது என்று இன்றும் வாதாடுவேன். தொண்டையைச் செருமினேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.)

"அப்படின்னா உங்களுக்குச் சொன்னாப் புரியும். வீட்ட விட்டுக் கிளம்பி ஸ்கூலு போய்ச் சேருத வரைக்கும் ஒரு அரை மணி நேரம். அப்பம் நான் யாருக்கும் மகளும் இல்ல, யாருக்கும் டீச்சரும் இல்ல. சும்மா போய்க்கிட்டு இருக்க ஒரு ஆளு. கல்யாணத்துக்குப் பொறவும் எனக்கு அது வேணும். இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும், 'அதுக்கென்ன, ஸ்கூட்டி வாங்கித் தாரோம்'ங்காங்க. நான் வண்டியா கேட்டேன்?"

யாருக்கும் எதுவாகவும் இல்லாமல் சும்மா போய்க்கொண்டிருந்த ஒரு அரை மணி நேரம் என் வாழ்க்கையில் எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. போனை வைப்பதற்குள் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதை ஒளிக்காமலே சொல்லிவிடுகிறேன்.

"காலாண்டு லீவுதான். சனிக்கிழமை காலையில சைக்கிள்லயே வாங்க. ஆலந்தலை வரைக்கும் ரெண்டு பேரும் ஓட்டிட்டு வருவோம். ஓட்டிக்கிட்டே பேசினாத்தான் எனக்கு ஆளு பிடிபடும். பொறவு என் முடிவச் சொல்லுதேன்" என்றாள்.

தூத்துக்குடியிலிருந்து வீரபாண்டியன்பட்டணத்துக்கு பஸ்ஸில் போனாலே எனக்கு ஒரு தூக்கம் முடிந்துவிடும். அவ்வளவு தூரம். ஆனால் "சரி" என்றேன். இந்தத் தடவை தொண்டைச் செருமல் எல்லாம் இல்லை, தெளிவாகவே சொன்னேன்.

சைக்கிளுக்கு ஆபீஸ் மேனேஜரிடம் போனேன். உடம்பைக் குறைக்க அவர் கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, உடம்பு குறைந்ததும் சுவரில் மாட்டிவைத்திருந்தார். சைக்கிளோடு கூடவே ஒரு பையும் கொடுத்தார். "சும்மா பேண்ட் சட்டையோட இவ்வளவு தூரம் ஓட்ட முடியாதுப்பா, இதப் போட்டுக்கோ" என்றார். பைக்குள் உடம்பைப் பிடிக்கிற ஒரு சட்டை, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு கறுப்பு டிரவுசர், கையுறை, கறுப்புக் கண்ணாடி, பல ஓட்டைகள் போட்ட ஒரு ஹெல்மெட். சட்டை நல்ல சிவப்பு, இரண்டு பக்கமும் மஞ்சள் பட்டை.

மேனேஜருக்கு உடம்பு முக்கால்வாசி குறைந்த பிறகு வாங்கிய சட்டை அது. நான் குறைக்காதவன். சனிக்கிழமை விடியற்காலையில் அதற்குள் நுழைய நான் பட்ட பாட்டை விவரிக்க மாட்டேன். டிரவுசரின் பஞ்சு பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. ஹெல்மெட்டில் ஒரு பக்கம் மழுங்கலாகவும் இன்னொரு பக்கம் கூர்மையாகவும் இருந்தது. விமானம், கப்பல், எதற்குமே மூக்கு கூர்மையாக முன்னால்தானே இருக்கும் என்று நன்றாக யோசித்து, கூர்மையான பக்கத்தை நெற்றிக்கு மேல் வைத்து வாரை மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். டி.வி.யில் வருகிற வெளிநாட்டுப் பந்தயக்காரன் மாதிரியே இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அக்கா காப்பியோடு வந்தாள். பார்த்தாள். காப்பியை மேஜை மேல் வைத்துவிட்டு, "மாதாவே" என்று மட்டும் சொன்னாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊரைத் தாண்டும் வரை எட்டாம் வகுப்புப் படிப்பு கைகொடுத்தது. உப்பளம் தொடங்கியதும் எதையோ அமுக்கினேன். 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பெடல், உப்பு மூட்டையைக் காலால் தள்ளுவது போல ஆகிவிட்டது. இன்னொன்றை அமுக்கினேன், இன்னும் கனத்தது. இனி எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்து அப்படியே மிதித்தேன்.

முள்ளக்காடு பக்கத்தில்தான் முதல் குழப்பம். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, ஒரு செம்புத் தண்ணீரை என் முன்சக்கரத்தில் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கும்பிட்டார். டயர் சூடாகியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். ஒரு கையை எடுத்ததால் சைக்கிள் ஆடியது. அவர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

பழையகாயலில் ஒரு பெரியவர் ரோட்டின் நடுவில் நின்று நிறுத்தினார். வாழைப்பழம் ஒரு சீப்பு கொடுத்தார். "சாப்பிடுங்க சாமி, ரொம்பத் தூரம் போகணும்லா" என்றார். நான் எங்கே போகிறேன் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்துப்போனேன். (அக்கா போன் பண்ணிச் சொல்லியிருப்பாளோ என்றுகூட ஒரு சந்தேகம். அவள் செய்யக்கூடியவள்தான்.) அவர் 'சாமி' என்றது வேறு உறுத்தியது. எங்கள் தெருவில் பங்குத்தந்தையைத் தவிர யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டோம். பழத்தைத் தின்று முடிப்பதற்குள் ஒரு பெண் வந்து ஹேண்டில்பாரில் வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கட்டினாள். இன்னொருத்தி குங்குமத்தை எடுத்து, ஹெல்மெட்டுக்குக் கீழே எட்டிய இடத்தில் எல்லாம் பூசிவிட்டாள்.

முக்காணிப் பாலத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தி ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். அவர் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். தாண்டும்போது பார்த்தேன். காலில் ரப்பர் செருப்பு, கழுத்தில் மாலை, கன்னத்தில் ரோஸ் பவுடர். காவல்துறையில் விதிகளை நிறையத் தளர்த்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மூளை சும்மா இருக்கவில்லை. இதற்கெல்லாம் ஒரு விளக்கம் கண்டுபிடித்தது. நம் மக்கள் இன்னும் சைக்கிளை மறக்கவில்லை. காரும் பைக்கும் எவ்வளவு வந்தாலும், சொந்தக் காலால் மிதித்துப் போகிறவனைக் கண்டால் அவர்களுக்குள் ஒரு மரியாதை பொங்குகிறது. ஸ்கூட்டரில் போன இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருவர் ஒரு பழம் கொடுத்ததுண்டா? இதை ரோஸ்லினிடம் எப்படி அழகாகச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

ஆத்தூரில் இளம் தாய் ஒருத்தி கைக்குழந்தையை என் முன்னால் நீட்டினாள். "ராவெல்லாம் பயந்து பயந்து அழுதான் சாமி. தலையில கைய வைச்சுக் குடுங்க." நான் கையுறையைக் கழற்றிவிட்டு வைத்தேன். குழந்தை என் முகத்தைப் பார்த்து, ஒரு நொடி மூச்சை நிறுத்தி, பிறகு ஊரே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. தாய்க்கு ரொம்பத் திருப்தி. "பயம் வெளிய போகுது" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். எல்லாரும் என்னைச் சுற்றி நெருக்கி நின்றார்கள், முதுகில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து கிளம்பும்போது முதுகு வழக்கத்தைவிடக் கனத்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆத்தூரைத் தாண்டிய பிறகு ஒன்று நடந்தது. இரண்டு பக்கமும் வாழை, நடுவில் ரோடு, முன்னால் யாரும் இல்லை. அதுவரை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்த காற்று ரோடு திரும்பியதும் முதுகுப் பக்கம் வந்து தள்ளத் தொடங்கியது. கால்கள் தாமாகச் சுற்றின. ஆபீஸ் ஞாபகம் வரவில்லை, அக்கா ஞாபகம் வரவில்லை, எங்கே போகிறேன் என்பதுகூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. வாய் என்னமோ பாடிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்போடு நான் எதை விட்டுவிட்டு வந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். காரணம் எதுவும் இல்லை.

ஆறுமுகநேரி வந்ததும் அந்தச் சந்தோஷம் முழங்காலில் வலியாக இறங்கியது. ஒரு இளநீர்க் கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பெஞ்சில் விழுந்தேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். காளி.

முகமெல்லாம் நீலம், தலையில் கிரீடம், கழுத்தில் பிளாஸ்டிக் மண்டை ஓடுகள். கூடுதல் கைகள் பக்கத்தில் நின்ற டி.வி.எஸ்.ஸின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. அவர் வாயிலிருந்து கோரைப்பற்களைக் கழற்றி பெஞ்சில் வைத்தார், இளநீரை ஒரே மூச்சில் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தூத்துக்குடியா சாமி? நல்லா கெட்டியிருக்கிய. ஆனா என்ன வேசம்னுதான் பிடிபடல. நெத்தியில கொம்பப் பாத்தா அரக்கன் மாரி இருக்கு. பின்னால பாத்தா அனுமார் மாரி இருக்கு. வால எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குலசேகரப்பட்டினத்தில் (எங்களுக்குக் குலசை) அம்மன் கோயில் தசரா என்றால் மாவட்டமே வேஷம் கட்டும். நோய் தீர வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள், மாலை போட்டு விரதம் இருந்து, காளியாக, குரங்காக, போலீஸாக, ராஜாவாக, அவரவர் நேர்ந்தபடி வேஷம் போட்டு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, கடைசியில் அம்மனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வேஷம் கட்டியவருக்குள் அம்மன் இருப்பதாக ஜனங்கள் நம்புவார்கள். காலில் தண்ணீர் ஊற்றுவார்கள், பிள்ளைகளைத் தொட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம்தான். காலாண்டு லீவில் தசரா வரும் என்பதும் தெரிந்த விஷயம்தான். அம்மனுக்கு உகந்த சிவப்பிலும் மஞ்சளிலும் உடம்பைப் பிடிக்கிற உடுப்பு போட்டுக்கொண்டு, குலசை போகிற அதே ரோட்டில், தசரா தொடங்கிய பிறகு சைக்கிளில் கிளம்பியவனுக்கு மட்டும் அது தெரியவில்லை.

"வேசமா? ஐயோ, இல்லண்ணாச்சி. இது சைக்கிள் ஓட்டுத உடுப்பு" என்று சொல்லி, ஷூ கயிறு அவிழ்ந்திருந்ததால் குனிந்தேன்.

அந்தச் சட்டையில் முதுகுப் பக்கம் மூன்று பைகள் உண்டு என்பதை நான் மறந்திருந்தேன். அவற்றிலிருந்து தலைக்கு மேலாக நாணயங்கள் கொட்டின. பெஞ்சில் விழுந்தன, இளநீர்க் குவியலுக்குள் உருண்டன, ஒன்று காளியின் பல் செட்டுக்குள் போய் நின்றது. பின்னாலேயே மடித்த ரூபாய் நோட்டுகளும் ஒரு எலுமிச்சம்பழமும் வந்தன. கடைசியாக என் போன் விழுந்தது. அதில் ரோஸ்லின் கூப்பிட்டு நான் எடுக்காத அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு செய்தி: 'வாரீங்களா, இல்லியா? அதையாவது சொல்லிருங்க.'

'வாரேன், வாரேன்' என்று அடித்து அனுப்பிவிட்டு, காளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பெயர் செல்வக்குமார், அதே ஊரில் செல்போன் கடை வைத்திருப்பவர். பொறுமையாகக் கேட்டார்.

"பொண்ணு பாக்கவா போறிய? இந்தக் கோலத்துலயா?" என்றார். மண்டை ஓட்டு மாலை போட்டவர் கேட்கிற கேள்வியா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் காளியிடம் கோபப்பட முடியவில்லை.

"நான் வேதக்காரன் அண்ணாச்சி, மாதா கோயிலுக்குப் போறவன். இத எல்லாத்தையும் நீங்களே வாங்கிக்கிடுங்க. உங்க காணிக்கையோட சேத்துப் போட்டுருங்க."

"அது முறையில்ல" என்று சட்டெனச் சொன்னார். "வேதக்காரங்க நேந்துக்கிட மாட்டாங்களா? எங்க செட்டுல கொரங்கு கெட்டியிருக்கவனும் வேதக்காரன்தான். நீங்க நேரல, சரி. குடுத்தவங்க நேந்துல்லா குடுத்திருக்காங்க. அந்தப் பிள்ளக்காரி உங்கள நம்பித்தான பிள்ளயக் காட்டுனா? உங்க கையாலதான் கொண்டு சேக்கணும். மொத பொண்ணு வீடு. பொறவு அம்மன். வாங்க, கொண்டு விடுதோம்."

குட்டி யானை வண்டி ஒன்றில் அவருடைய ஆட்கள் மேளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிளை அதில் ஏற்றச் சொன்னார்கள். அது மட்டும் முடியாது என்றேன். சைக்கிளில் வருகிறேன் என்று சொன்னவன் சைக்கிளில்தான் போக வேண்டும். அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்ற நினைத்தேன். சரி என்று காளி டி.வி.எஸ்.ஸில் முன்னால் போனார், நான் நடுவில் மிதித்தேன், வண்டி பின்னால் உருண்டு வந்தது. நான் தளர்கிற நேரமெல்லாம் மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். மேளம் நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்பதைக் கண்டுபிடித்த பிறகு அவர்கள் நிறுத்தவே இல்லை.

வீரபாண்டியன்பட்டணத்தில் கோயில் தெருவுக்குள் நாங்கள் இப்படித்தான் நுழைந்தோம். ஜன்னல்கள் திறந்தன. ரோஸ்லின் வீட்டு கேட்டில் அவள் அப்பா வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை விட்டு இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். பேச வாயைத் திறந்தேன். தொண்டை உப்பளமாகக் காய்ந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தாங்க. சந்தோசமாப் போயிட்டு வாங்க. கொஞ்சம் சீக்கிரமா நகந்துக்கிடுங்கய்யா, எங்க வீட்டுக்கு மாப்ள வார நேரம்" என்றார். காலையிலிருந்து பழகிப்போன கை, அதுவாகவே நாணயத்தை மூடிக்கொண்டது.

செல்வக்குமார் பற்களைக் கழற்றினார். "ஐயா, மாப்ளயத்தான் நாங்க கூட்டிட்டு வந்திருக்கோம்."

ரோஸ்லினின் அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்களை ஒரு சுற்று பார்த்தார். காளியைப் பார்த்தார். வண்டியிலிருந்து இறங்கி நின்ற குரங்கைப் பார்த்தார். கையில் கோலோடு நின்ற ராஜாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் காளியைப் பார்த்தார். பிறகு, பல தேசத்துத் துறைமுகங்களைக் கண்ட அந்த மனிதர், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் மெதுவாகக் கேட்டார்:

"இதுல மாப்ள எது?"

குரங்கு என் பக்கம் கையைக் காட்டியது.

இந்த நேரம் பார்த்து ரோஸ்லின் வெளியே வந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட உயரமாக இருந்தாள். நேராக என்னிடம் வந்து, தாடைக்குக் கீழே வாரைக் கழற்றி, ஹெல்மெட்டை எடுத்து, திருப்பி, மறுபடியும் தலையில் வைத்தாள்.

"தினமும் ஓட்டுதவரு ஹெல்மெட்ட பின்னால முன்னாலயா போடுவாரு?"

"தினமும் ஓட்டல" என்றேன். குரல் வந்துவிட்டது. "எட்டாங் கிளாஸுக்கு அப்புறம் இன்னைக்குத்தான்."

"பின்ன எதுக்கு இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தீங்க? பஸ்ஸுல வந்து, என்னால முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா."

வழியெல்லாம் அடுக்கிவைத்த அழகான வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. "நீங்க ஒரு அரை மணி நேரம்னு சொன்னீங்கள்லா" என்றேன். "அது ஆத்தூர் தாண்டி எனக்குக் கொஞ்சம் கிடைச்சது. நான் யாருன்னே எனக்கு மறந்துபோச்சு. அதுக்கு முன்னால எனக்கு அது புரியல. இனிமே அத உங்ககிட்ட இருந்து யாரும் எடுக்க நான் விட மாட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் சரி."

அவள் என்னைப் பார்த்தாள். குங்குமமும் வியர்வையும் சேர்ந்து என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் குழப்பமாக இருந்தது. சிரித்திருந்தால் முடிவு என்னவென்று ஊகித்திருப்பேன்.

செல்வக்குமார் இடையில் புகுந்து காணிக்கை விவகாரத்தைச் சொன்னார். அப்பா முழுதாகக் கேட்டுவிட்டு, "அடுத்தவங்க சரக்க வாங்கிட்டா கரை சேத்துரணும். போயிட்டு வாங்க. நான் குடுத்ததையும் சேத்தே போட்டுருங்க" என்றார்.

ரோஸ்லின் உள்ளே போனாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பழைய பச்சை லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஆலந்தலை தாண்டினா குலசைதான். வாங்க" என்றாள். பிறகு என் ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டு, "இந்தக் கியர்லயா இவ்வளவு தூரமும் மிதிச்சீங்க?" என்று கேட்டு எதையோ அமுக்கினாள். பெடல் காற்றாகச் சுற்றியது. எனக்கு அழுகை வந்தது.

குலசை போய்ச் சேரும் வரை அவள் தன் முடிவைச் சொல்லவில்லை. மேளம் முழங்க, காளி முன்னால் போக, கடலோரமாக இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனோம். காணிக்கையை என் கையாலேயே சேர்த்தேன். ஆத்தூர்க் குழந்தை ராத்திரி தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்த மொழியில், எந்த முறையில் வேண்டுவது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த மாதாவிடம் பேசுகிற மாதிரியே பேசினேன். வெளியே வந்ததும் ரோஸ்லின் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டபடி, "அப்பாட்ட சரின்னு சொல்லிருதேன்" என்றாள். எதற்குச் சரி என்று கேட்டேன். அப்போதுதான் சிரித்தாள்.

கல்யாணத்தன்று ரோஸ்லினை அவள் அப்பா கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிவந்தார். பீடத்துக்கு முன்னால் நானும், கோட் போட்ட என் தோழனும், பங்குத்தந்தையும் நின்றிருந்தோம். மாமனார் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். ஜெபத்தைப் போல அவ்வளவு பணிவாக, "இதுல மாப்ள எது?" என்றார். பங்குத்தந்தைக்குச் சிரிப்பை அடக்கி முதல் வரியைத் தொடங்க ரொம்ப நேரம் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் குரூப் போட்டோ எடுத்தால், அச்சாகி வந்ததும் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. தசரா நாட்களில் செல்வக்குமாரும் ஆட்களும் மாமனார் வீட்டு வாசலுக்கு வந்து மேளம் அடித்து, அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ரோஸ்லின் இப்போது தூத்துக்குடியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். மில்லர்புரத்திலிருந்து தினமும் அந்தப் பச்சை சைக்கிளில்தான் போகிறாள். அந்த நேரத்தில் போன் பண்ணக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், மெர்சி அக்காவும் அதற்குக் கட்டுப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் மகளும் எங்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டுக்குப் போவோம். போன வாரம் கிளம்புகிற நேரத்தில் மாமனார் வீடியோ காலில் வந்தார். ஹெல்மெட்டோடு நின்ற எங்கள் இரண்டு பேரையும் போனில் உற்றுப் பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹெல்மெட்ட திருப்பிப் போட்டிருக்கது, தாத்தா" என்றாள்.